ஆண் பூஜ்யம், பெண் நாற்பது

டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மருமகள் அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஐஸ் தட்டும் ஒரு பொட்டலம் பட்டாணியும்தான் இருந்தன. மறுபடி வந்து டப்பாவைப் பார்த்தாள். மூடியில் ‘காரல் - 40 - தொடாதே’ என்று அவள் எழுதி ஒட்டியிருந்த காகிதம் தண்ணீரில் ஊறிப் பிய்ந்து, ‘தொடா’ வரைக்கும் மிச்சமிருந்தது.

வீடு முழுக்க மீன் வறுத்த வாசனை.

“மாமா…”

“வாம்மா, வா. ஆஸ்பத்திரில உன் சிநேகிதி எப்படி இருக்கா? உனக்குன்னு எட்டு எடுத்து மூடி வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு.”

“மாமா, இந்த டப்பால மீன் இருந்துச்சே…”

“இருந்துச்சு. நாப்பது. எண்ணித்தான் எடுத்தேன்.”

“அந்த நாப்பதும்…?”

“எட்டு உனக்குன்னு சொன்னேனே. மிச்சம் முப்பத்திரண்டு.” மாமனார் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

மருமகள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடல்மீன் ஆய்வு நிலையத்தில் அவள் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒன்பது வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கிடைத்த வேலை. ஆறு மாதம் சோதனைக் காலம். வேலை என்னவென்றால், மாதம் ஒருமுறை மீன் இறங்குதளத்துக்குப் போய் நாற்பது காரல் வாங்கிவர வேண்டும். நீளம் அளக்க வேண்டும். எடை போட வேண்டும். வயிற்றைக் கீறி எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன தின்றிருக்கிறது என்று எழுதித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநர் மேசையில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நீளமும் எடையும் முடிந்தன. கத்தியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து ஆபீஸ் ஃபிரிட்ஜ் ஒரு முனகு முனகி நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே உட்கார்ந்து கீறிக்கொள்ளலாம் என்று டப்பாவோடு எடுத்து வந்துவிட்டாள்.

காரல் பெரிய மீன் ஒன்றும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இலைபோலத் தட்டையான உடம்பு. வெள்ளித்தாளில் சுற்றினாற்போல மினுக்கும். தொட்டால் கையெல்லாம் வழவழவென்று பிசுபிசுக்கும். வாயைப் பிடித்து மெல்ல இழுத்தால் குழாய்போல நீளும். கரையோரச் சேற்றுக்கு மேலே கூட்டம் கூட்டமாகத் திரிந்து பொடி இறாலையும் புழுவையும் அந்தக் குழாயால் உறிஞ்சும். ஆனால் விசேஷம் அதுவல்ல. அதன் தொண்டையைச் சுற்றி ஒரு சின்னப் பை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தப் பைக்குள் குடித்தனம் நடத்தி வெளிச்சம் போடுகின்றன. ஆண் காரலுக்குப் பை பெரிது. இருட்டுக் கடலுக்குள் அது விளக்கைப் போட்டும் அணைத்தும் பெண்ணைக் கூப்பிடுகிறதாம்.

ஆக, மருமகளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பையும் அதற்குக் கீழே இருக்கிற குடலும்தான். மாமனார் வேண்டாமென்று எறிந்ததும் அந்த இரண்டையும்தான்.

“தலையெல்லாம் எங்க மாமா?”

“பக்கத்து வீட்டுப் பூனைக்கு.”

“குடல்?”

“அதுவும் பூனைக்குத்தான். நல்ல பூனைம்மா அது. எதையும் வீணாக்காது.”

அவள் கொல்லைப்பக்கம் ஓடினாள். மதில்மேல் உட்கார்ந்து பூனை தன் முன்னங்காலை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்து உத்தியோகத்தில் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்தக் காலில் ஒட்டியிருந்ததுதான்.

சத்தம் கேட்டு அவள் கணவன் வெளியே வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எந்தச் சிக்கலையும் கண்ணாடி மாட்டினால் தெளிவாகிவிடும் என்ற தினுசில் பார்க்கிற மனிதன்.

“இதுக்கா அழறே? எத்தனை ஆண், எத்தனை பெண்ணுன்னுதானே எழுதணும்? பாதி பாதின்னு போடு.”

“பொய் எழுதச் சொல்றீங்களா? மொத அறிக்கைங்க இது!”

“சரி, பொய் வேண்டாம். அறுத்தவர் உள்ளேதானே இருக்கார். கேட்டு எழுது.”

மாமனார் தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்தவர். ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான பெட்டியில் போட்டதில்லை என்று இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்காட்டுவார். மருமகள் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை மீன்ல முட்டை இருந்துச்சு?”

“எல்லாத்துலயும்.”

“எல்லாத்துலயுமா?”

“நாப்பதுலயும். மஞ்சளா, முத்து முத்தா. தனியா வறுத்துத் தின்னேன், ஆகா!”

“அது எப்படி மாமா? ஒரு கூட்டம்னா பாதியாச்சும் ஆண் இருக்கணுமே.”

“நான் என்ன கூட்டத்தையா அறுத்தேன்? நாப்பது மீனை அறுத்தேன். நாப்பதும் சினை.”

“தொண்டைல பை மாதிரி ஏதாவது?”

“இருந்துச்சு. இத்துனூண்டு. பிடுங்கிப் போட்டுட்டேன்.”

கணவன் அவளைத் தனியே கூப்பிட்டான். “எங்கப்பா சொல்றதுல பாதியைக் கழிச்சுக்க. போன வாரம் ரேஷன் கடைல அஞ்சு பேர் நின்னதை ஐநூறு பேருன்னு சொன்னார்.”

“பாதியைக் கழிச்சா இருபது.”

“அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்!”

மருமகள் நோட்டோடு தனியே போய் உட்கார்ந்தாள். பாதி பாதி என்று போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது யாரும் பார்க்காத எண். அவள் மனம் ஒப்பவில்லை. மாமனார் சொல்வதாவது ஒருவர் கண்ணால் பார்த்தது. அதையே எழுதினாள். ஆண்: பூஜ்யம். பெண்: நாற்பது.

திங்கட்கிழமை காலை பத்து மணி.

இயக்குநருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. இருபத்தொன்பது வருடமாகக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தும், கடல் அவருக்கென்று புதிதாக ஒன்றையும் காட்டவில்லை. மாத அறிக்கைகளை அவர் டீ குடித்துக்கொண்டே புரட்டுவார். டீ முடியும்போது அறிக்கையும் முடிந்துவிடும். அன்றைக்கு டீ பாதியிலேயே நின்றது.

“என்னம்மா இது?”

“அறிக்கை சார்.”

“ஆண் பூஜ்யமா?”

“ஆமா சார்.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“பாத்தவரைக்கும் இல்லை சார்.” பார்த்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இயக்குநர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். டீ டம்ளர் உருண்டு அறிக்கையின் மேலேயே கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். கூடவே வாழ்ந்த ஒருவர் திடீரென்று தன் உண்மையான பெயரைச் சொன்னதுபோல இருந்தது அவர் பார்வை.

“ஆண் இல்லைன்னா குஞ்சு இல்லை. குஞ்சு இல்லைன்னா அடுத்த வருஷம் காரலே இல்லை. அதைத் தின்னு வாழற பெரிய மீனெல்லாம்…” அவர் முடிக்காமல் தொலைபேசியை எடுத்தார். “தலைமை அலுவலகமா? நான்தான் பேசறேன். உக்காந்துக்கிட்டுக் கேளுங்க.”

மருமகள் தன் மேசைக்கு வந்து மூன்று மணி நேரம் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். மாமனார் ஐந்தை ஐநூறாக்குகிறவர். அவர் நாக்கை நம்பி ஒரு மீனினத்தையே பாதியாக அழித்தாயிற்று. இனியும் சும்மா இருக்கக் கூடாது. பேசாமல் கணவன் சொன்னபடியே சரிசெய்துவிடலாம், எல்லாம் அடங்கிவிடும்.

ஒன்றரை மணிக்கு அறைக்குள் போனாள்.

“சார், அந்த அறிக்கைல ஒரு சின்னத் தப்பு. மறுபடி பாத்தேன். இருபது ஆண், இருபது பெண்.”

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “காலைல பத்து மணிக்கு எத்தனை பெண்?”

“நாப்பது சார்.”

“அதே மீன்தானே?”

“அதே மீன்தான் சார்.”

“இப்ப இருபது ஆண்.”

“ஆமா சார்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “சில மீன் வளர வளரப் பால் மாறும்னு படிச்சிருக்கேம்மா. பெண்ணா இருந்தது ஆணாகும். ஆனா செத்தப்புறமா? ஐஸ்ல படுத்துக்கிட்டா? மூணரை மணி நேரத்துலயா?”

“ஐயோ, மீன் மாறல சார். நான்தான்…”

“அலோ, தலைமை அலுவலகமா? மறுபடி நான்தான். எழுந்திருக்காதீங்க, உக்காந்தே இருங்க.”

அவர் ரிசீவரை வைத்தார். “பேராசிரியரையே அனுப்பறாங்க. புதன்கிழமை வர்றார். கரையோர மீன்னா அவர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. அந்த நாப்பது மீனையும் பாட்டில்ல போட்டு, மருந்து ஊத்தி, பத்திரமா வை.”

“சார், அந்த மீனு… வந்து…”

“யாரும் தொடக் கூடாது. நீகூட.”

அந்தக் கட்டளையை ஒரு பூனையும் மாமனாரும் முன்னதாகவே மீறிவிட்டிருந்தார்கள் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் கணவன் யோசனை சொன்னான். “வேற நாப்பது மீனை வாங்கி அறுத்து பாட்டில்ல போடு. மீனுக்கென்ன, அங்க அடையாளமா எழுதியிருக்கு?”

முதலில் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. யோசிக்க யோசிக்க நிம்மதி வந்தது. புதிதாக வாங்கும் நாற்பதில் எப்படியும் பதினெட்டோ இருபத்திரண்டோ ஆண் இருக்கும். பேராசிரியர் பார்ப்பார், கடலில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, இந்தப் பெண்ணுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்பார். திட்டு விழும். விழட்டும். காரல் பிழைக்கும். வேலையும் ஒருவேளை பிழைக்கும்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இறங்குதளத்துக்குப் போனாள். ஐஸ் உடைக்கும் சத்தம், ஏலச் சத்தம், காலடியில் மீன்செதில் கலந்த தண்ணீர். வெள்ளிக்கிழமை மீன் கொடுத்த அதே மீன்காரக்காவிடம் போய் நின்றாள். வாட்டசாட்டமான பெண்மணி, முன்னால் நாலு கூடை.

“அக்கா, இன்னொரு நாப்பது காரல் வேணும். அவசரம்.”

“அதுக்கென்னம்மா. இங்க ஈரம், புடவை கெட்டுடும். அந்தப் பக்கம் நிழல்ல நில்லு, எடுத்துட்டு வர்றேன்.”

மருமகள் நிழலில் நின்று, பேராசிரியரிடம் திட்டு வாங்குவதற்கு மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். கால்மணி நேரத்தில் பை கைக்கு வந்தது.

வீட்டு முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்தாள். கணவன் கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தான். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதில்மேல் பூனையும் வந்து சேர்ந்தது.

முதல் மீனைக் கீறினாள். மஞ்சள் முட்டை. பெண்.

“ஒண்ணு,” என்றார் மாமனார்.

இரண்டாவதும் பெண். மூன்றும் பெண். ஐந்தாவது வரைக்கும் கணவன் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான். பத்தாவதில் பேச்சை நிறுத்தினான். பதினைந்தாவதில் பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தான்.

“கண்ணாடில கோளாறு இல்லை,” என்றான் மெதுவாக.

இருபது. இருபத்தைந்து. ஒவ்வொரு மீனையும் கீறுவதற்கு முன்னால் அவள், “ஆணா இருந்துடுப்பா,” என்று அதனிடம் கெஞ்சினாள். வெள்ளியாக மினுங்கிய அந்தச் சின்ன மீன்கள் குழாய் வாயை அரைகுறையாக நீட்டிக்கொண்டு, நாங்கள் என்ன செய்வோம் என்பதுபோலக் கிடந்தன. தொண்டைப் பையும் எல்லாவற்றிலும் கடுகு கடுகாகச் சின்னதாகவே இருந்தது. முப்பத்தொன்பது. நாற்பது.

கத்தியைக் கீழே வைத்தாள்.

“நாப்பதும் சினை,” என்றார் மாமனார். “முப்பத்தஞ்சு வருஷம் கடிதம் பிரிச்சவன் நான். இந்த வீட்ல என் பேச்சை யாரு நம்பறீங்க?”

மருமகள் நாற்பது மீனையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள். அப்படியானால் நேற்றுக் காலையில் கொடுத்த அறிக்கைதான் உண்மை. அதை மதியம் திருத்தித்தான் பொய்யாக்கியிருக்கிறாள். மெய்யாகவே கடலில் ஆண் காரல் இல்லை. பல்லாயிரம் வருடமாக இருட்டுத் தண்ணீருக்குள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆண்களும் அணைந்துபோய்விட்டார்கள். அது உலகத்திலேயே அவளுக்கும் ஒரு கணவனுக்கும் ஒரு மாமனாருக்கும்தான் தெரியும்.

அதற்குப்பிறகு மறைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை பேராசிரியர் வந்து இறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“ஐயா, மொத நாப்பது மீனை எங்க மாமனார் வறுத்துச் சாப்பிட்டுட்டார். எல்லாம் பெண்ணுன்னு அவர்தான் சொன்னார். திங்கக்கிழமை மதியம் நான் சொன்னது பொய். இந்த பாட்டில்ல இருக்கறது நேத்து வாங்கின வேற நாப்பது. இதுவும் அத்தனையும் பெண். என்னை என்ன வேணா செய்ங்க.”

இயக்குநர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் குள்ளமான மனிதர். புருவம் மட்டும் தாராளம். அந்தப் புருவங்கள் மெல்ல மேலே ஏறின. வேலை போச்சு என்று மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்ப ரெண்டு தடவை,” என்றார் பேராசிரியர்.

“ஐயா?”

“ரெண்டு தனித்தனி நாள், ரெண்டு தனித்தனி ஆள். ஒருத்தருக்கு மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, அதனால பொய் சொல்ல அவசியமும் இல்லை. முடிவு ஒண்ணே.” அவர் நோட்டை எடுத்தார். “உங்க மாமனாரை உடனே கூட்டிட்டு வாங்க.”

மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இரண்டு மணி நேரம் சாட்சி சொன்னார். முட்டையின் நிறம், அளவு, எண்ணெயில் போட்டதும் அது வெடித்த விதம், எல்லாவற்றையும் பேராசிரியர் வரி விடாமல் குறித்துக்கொண்டார். போகும்போது மாமனார், “பூனையையும் கூட்டிட்டு வரணுமா?” என்று கேட்டார். பேராசிரியர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்.

மூன்றாவது சோதனையை அவரே செய்யப்போவதாகச் சொன்னார். வியாழக்கிழமை விடிந்ததும் வாளியோடு இறங்குதளத்துக்குக் கிளம்பினார்கள்.

“இவர் பெரிய பேராசிரியர் அக்கா,” என்றாள் மருமகள். “நமக்காக ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கார். இந்த வாளில நாப்பது காரல் போட்டுக் குடுங்க.”

“பெரிய மனுசரா? வாங்கய்யா, வாங்க,” என்று மீன்காரக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

பேராசிரியர் அதற்குள் படகுக்காரர்களிடம் விசாரிக்கப் போய்விட்டார்.

“ஆண் காரலைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

படகுக்காரர் ஒருவர் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். “நாங்க வலையைப் பாப்போம், எடையைப் பாப்போம். அதுக்கு மேல எதையும் தூக்கிப் பாக்கறதில்லைங்க.”

‘மீனவர் நினைவில் ஆண் காரல் இல்லை’ என்று பேராசிரியர் எழுதிக்கொண்டார்.

நிலையத்துக்கு வந்து வாளியைக் கவிழ்த்தார்கள். மீனைக் கீறுவதற்கு முன் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். சன்னலே இல்லாத சாமான் அறைக்குள் அவற்றைத் தட்டில் வைத்து எடுத்துப்போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். ஈரம் காயாத மீனாக இருந்தால் பை இன்னும் மினுங்கும். ஆணாக ஒன்று இருந்தாலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று பேரும் இருட்டில், பழைய துடைப்பங்களுக்கும் கிழிந்த வலைகளுக்கும் நடுவே தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கண் பழகப் பழக, தட்டில் மங்கலாக, நீலமாக, இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. பிரகாசமாக ஒன்றுகூட இல்லை.

“எல்லாம் சின்னப் பை,” என்றது இருட்டில் பேராசிரியர் குரல்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கதவைத் திறந்தபோது அது இயக்குநர் என்று தெரிந்தது.

கீறிப் பார்த்ததில் சந்தேகத்துக்கே இடமில்லை. நாற்பதும் பெண். பேராசிரியர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மொத்தம் நூத்திருபது. அதுல ஒரு ஆண்கூட இல்லை. நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். இப்படி ஒண்ணை என் மாணவன் எழுதியிருந்தா ஃபெயில் போட்டிருப்பேன்.”

வெள்ளிக்கிழமை செய்தித்தாளில், ‘ஆண் காரல் எங்கே? விஞ்ஞானிகள் அதிர்ச்சி’ என்று வந்தது. உள்ளே மாமனார் படம். கீழே ‘முதலில் கண்டறிந்தவர்’ என்று போட்டிருந்தது. அவர் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட மகனின் கடைக்கு அனுப்பினார்.

சனிக்கிழமை உத்தரவு வந்தது. மிச்சமிருக்கிற பெண் காரலையாவது காப்பாற்றுவதற்காக, கரையோரத்தில் பொடி மீன் பிடிக்கிற சின்னக் கண்ணி வலை போடுவது மூன்று மாதத்துக்கு முழுதாகத் தடை. இயக்குநர் இறங்குதளத்தில் ஒரு மீன்பெட்டியின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் படித்தார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் பேச்சை அத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. படித்து முடித்தபோது ஐஸ் உடைக்கிற சத்தமும் நின்றுபோயிருந்தது.

“மூணு மாசமா?” என்று ஒரு படகுக்காரர் கேட்டார். அவர் தன் வலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மறுபடி வலையைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் சுருட்டினார்கள்.

மருமகளின் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அன்று காலையில்தான் இயக்குநர் கையைக் குலுக்கிச் சொல்லியிருந்தார். ஒன்பது வருடம் காத்திருந்த சொல். அது இப்போது தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

கூட்டம் கலைந்தபிறகு மீன்காரக்காவிடம் போனாள். அந்த அம்மாள் நாலு வெறுங்கூடைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து தலைக்குக் கை கொடுத்திருந்தாள். ஒலிபெருக்கி இரைச்சலில் மூன்று மாதம் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் விளங்கியிருக்கவில்லை.

“என்னை மன்னிச்சுடுங்கக்கா. உங்க பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்.”

“நீ என்னம்மா பண்ணுவே? மேல இருக்கறவங்க என்னத்தையோ சொல்றாங்க. எதுக்காம் திடீர்னு இந்தத் தடை? கடல் என்ன வத்தியா போச்சு?”

“ஆண் மீனே இல்லைக்கா. நூத்திருபது காரலை அறுத்துப் பாத்தோம். அத்தனையும் பெண். ஒரு ஆண்கூடக் கடல்ல மிச்சமில்லை.”

மீன்காரக்கா தலையிலிருந்து கையை எடுத்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆம்பள மீனா? அது கூடை கூடையா கெடந்துச்சேம்மா! வந்த மொத நாளே ‘சாப்டீங்களாக்கா’ன்னு என்னைக் கேட்ட ஒரே ஆபீசர் நீ, உனக்கும் உன்னைத் தேடி வந்த பெரிய மனுசருக்கும் சினை இல்லாத மீனை அள்ளிப் போட எனக்கு மனசு வருமா? நூத்திருபதையும் ஒண்ணொண்ணா வயித்தை அமுக்கிப் பாத்துல்ல பொறுக்கிப் போட்டேன்!”